மஞ்சள் கோடு

“நம்ம சூப்பர்வைசருக்கு மறை கழண்டுடுச்சு!”

பீரோ செய்யும் பட்டறை முழுக்க அன்று இதே பேச்சு. ஸ்பாட் வெல்டிங் மெஷினைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற தூரத்துக்கு அவர் மஞ்சள் கோடு போட்டிருந்தார். வெல்டரைத் தவிர வேறு யாரும் தாண்டக் கூடாதாம். சட்டைப் பையில் செல்போனும் கூடாதாம்.

“மின்காந்த அலைப்பா! நேத்து பக்கத்துல நின்னேன், தலை கிர்ர்ருன்னு சுத்துச்சு.”

“காலையில சாப்பிட்டீங்களா சார்?” என்றாள் பெயின்ட் அடிக்கிறவள்.

முதலாளி வந்தார். கோட்டைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாட்டிக்கொண்டது, நீண்ட லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஃபிட்டர். மெஷினை ஒட்டியிருந்த அவர் மேசை கடைசி மூலைக்குப் போனது.

“அண்ணே, இனிமே நீங்க பூட்டு மட்டும் மாட்டுங்க” என்றார் சூப்பர்வைசர்.

ஃபிட்டருக்கு முகம் சுண்டிவிட்டது. “இன்னைக்கு மூலை, நாளைக்கு வாசல். என்னைக் கழட்டிவிடப் பார்க்கிறாரு” என்று பொருமினார்.

மறுநாள் வெல்டர் வரவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சூப்பர்வைசரே மெஷினில் தகடு ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் செல்போன். அதில் பாட்டு வேறு!

“கையும் களவுமா மாட்டுனீங்களா! அலையெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா சார்?” ஃபிட்டர் விறுவிறுவென்று கோட்டைத் தாண்டினார்.

சூப்பர்வைசர் பதறிப்போய் மெஷினை அணைத்தார்.

“அங்கயே நில்லுங்கண்ணே! என் நெஞ்சு தானா ஓடுது. உங்களது பேஸ்மேக்கர்ல ஓடுது.”

ஃபிட்டரின் கை சட்டைக் காலரை இழுத்து மூடியது. “யா... யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. லீவுலேர்ந்து வந்ததும் போனை வலது காதுலயே வெக்கிறீங்க. இடது கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது. எங்கப்பாவும் அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான். இந்த மெஷின் பக்கத்துல நின்னா அந்தக் கருவி தடுமாறும்னு டாக்டர் சொல்லலியா?”

“சொன்னார் சார். ஆனா பொண்ணு இன்னும் படிச்சிட்டிருக்கா. முதலாளிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாரே?”

“அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கு மறை கழண்டுடுச்சுங்கிறது மட்டும்தான். அதையே நம்பிட்டுப் போகட்டும், விடுங்கண்ணே!”