முதல் கோடு

கடலில் பவளம் அற்றுப்போன பிறகு, தூத்துக்குடியில் மிஞ்சியது வீட்டுத் தொட்டிகளில் வளர்பவைதான். கஸ்மீர் தன் தொட்டிக்கு வீட்டையே உடைத்து ஊட்டிவந்தார். அந்தக் காலத்துப் பவளக்கல் வீடு. கல்லை நொறுக்கித் தொட்டியோடு இணைத்த ரியாக்டர் குழாயில் போட்டால், வாயுக் குமிழியில் கரைந்து பவளத்துக்கு உணவாகும்.

இப்போது கதவோரச் சுவர்தான் பாக்கி. மகள் அமலியின் உயரத்தை வருடாவருடம் ஆணியால் கீறிய ஒன்பது கோடுகள் அதில் இருந்தன. பத்தாவது கீற அவள் இல்லை.

"குமிழியக் குறைச்சுப் பாருங்களேன். போட்ட கல்லு இன்னுங் கொஞ்ச நாள் வரும்லா," என்றாள் மனைவி ஜெசிந்தா.

"நிமிசத்துக்குப் பத்துதான் விடுதேன். இன்னுங் குறைச்சா பவளம் வெளுத்துச் செத்துரும்."

தொட்டியில் இருந்ததும் அமலி நட்ட பவளம்தான். விரலளவு நட்டாள், இன்று அவள் உயரம் இருந்தது.

சுவரை மேலிருந்துதான் பிரிக்க முடியும். ஒன்பது வயது முதலில் போயிற்று. பிறகு எட்டு. மாதம் ஒரு கோடாக அமலி குட்டையாகிக்கொண்டே வந்தாள்.

ஒரு கோடு மட்டும் மிஞ்சிய அன்று, கஸ்மீர் சுத்தியலோடு வந்தார். ஜெசிந்தா அந்தக் கல்லை அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தோட விட்ருங்க. இப்பத்தான் எந்திரிச்சு நிக்கா."