எதிர் வீட்டுக் கணக்கு

அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. மூன்றாவது வரியில் வந்த மைனஸ் பத்தை என்ன செய்வது என்று தெரியாமல், பென்சிலைக் கடித்தபடி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள் அவள்.

"முடிச்சிட்டியாம்மா?" என்று எட்டிப் பார்த்தாள் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

"இருடி, நச்சரிக்காதே! அடைப்புக்குறியை எடுத்தாச்சு. அஞ்சு எக்ஸ் மைனஸ் பத்து. இப்போ அந்தப் பத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போடணும்..."

"போடறப்போ குறி மாறுமேம்மா."

"எனக்கே பாடம் எடுக்கறியா? போ, எதிர் வீட்டுல போய் விளையாடு. வந்து இதைப் பார்த்து எழுதிக்கலாம்."

மகள் சிட்டாகப் பறந்தாள். மைனஸ் பத்து மைனஸ் பத்தாகவே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது.

வீட்டுப்பாடத்தில் யார் கெட்டியோ அவளைத்தான் கணிதப் போட்டிக்கு அனுப்புவேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மகள் நோட்டில் ஆறும் ஏழுமாக விழுந்துகொண்டிருந்தது. அதே வகுப்பில் படிக்கும் எதிர் வீட்டுப் பெண்ணுக்கோ தினம் பத்துக்குப் பத்து! நினைத்தாலே இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் மாலை மகள் வந்து பையை வீசினாள். "போட்டிக்கு எதிர் வீட்டுக்காரியைத்தான் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கே ஓடினாள்.

கொஞ்சமாவது உறைக்கிறதா இந்தப் பெண்ணுக்கு? அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நமக்குத் தெரியாமல் டியூஷன் வைத்திருக்கிறார்கள், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன் என்று செருப்பை மாட்டினாள்.

எதிர் வீட்டு அம்மா தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "வாங்கக்கா!"

"நல்ல சேதி கேள்விப்பட்டேன். யாரு சொல்லிக் குடுக்கறா உங்க பொண்ணுக்கு?" சிரிப்பு உதட்டோடு நின்றது.

"நாள் பூரா மெஷினோட மல்லுக்கட்டறேன். எனக்கு எங்கக்கா நேரம்? ரெண்டும் உள்ளேதான் கதவைச் சாத்திக்கிட்டுக் கூத்தடிக்குதுங்க."

நம்புவாளா இவள்? விறுவிறுவென்று போய் அறைக்கதவைத் தள்ளினாள்.

போட்டிக்குப் போகிற பெண் கட்டிலில் மல்லாந்து கிடந்து மொபைலில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். தரையில் குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு தாளில் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தாள் மகள்.

"உன்னோட கடைசிக் கணக்கும் ஆச்சுடி. பார்த்து எழுதிக்கோ" என்றாள், தலை நிமிராமல்.

"அடிப்பாவி! அவ கணக்கை நீயா போடறே?"

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு சொன்னாள்:

"என் கணக்கைத்தான் நீ போட்டுடறியேம்மா... நான் வேற யாரோடதைப் போடறது?"