நாற்பது செய்திகள்

கணினித் திரையில் பிழை காட்டும் சிவப்பு எழுத்து ஒன்றுகூடத் தோன்றவில்லை. நிரல் பழுதின்றி ஓடத் தயாராக இருந்தது. ஆயினும் ஆய்வகத்து எழுத்தரின் சுட்டுவிரல் விசைமேல் இறங்க மறுத்தது.

மார்பகக் கட்டிப் பரிசோதனை செய்துகொண்ட நாற்பது பெண்கள் வெளிக்கூடத்தில் முடிவுக்காகக் காத்திருந்தனர். அவர்களுள் பதினேழாமவள் அவருடைய மனைவி.

"பட்டியலை நீங்க முன்னாடியே பாக்கக் கூடாது" என்று காலையிலேயே அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். "உங்க மூஞ்சி போஸ்ட் கார்டு மாதிரி. தூரத்துலயே படிச்சிருவேன். எல்லாரையும் போல எனக்கும் மெசேஜ் வரட்டும்."

ஆகவே பெயர், எண், தேதி, முடிவு என நான்கு கட்டங்களில் மருத்துவர் நிரப்பி அனுப்பிய பட்டியலை, எழுத்தர் கண்ணெடுத்தும் பாராமல் நிரலிடம் ஒப்படைத்தார்.

ஐம்பது வயதில் கற்ற ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் அவரே எழுதிய நிரல் அது. சென்ற மாதம் நலமென்று வீடு திரும்பிய ஒரு பெண்ணின் செய்தியை மாதிரியாகக் கொண்டு, அதிலிருந்த பெயரையும் எண்ணையும் தேதியையும் நீக்கி, அவ்விடங்களில் பட்டியலிலுள்ள விவரம் தானே வந்து நிரம்பும்படி டாலர் குறியும் நெளி அடைப்பும் இட்டிருந்தார். டெம்ப்ளேட் ஸ்ட்ரிங் எனப்படும் அந்த அச்சில், மேப் என்னும் கட்டளை பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தியை வார்த்தெடுத்து அனுப்பும்.

"அமுக்குங்க சார். அதென்ன வெடிகுண்டா?" என்றாள் பக்கத்து இருக்கை வரவேற்பாளர்.

"உனக்கென்னம்மா, உக்காந்த இடத்துல இருந்து சொல்லுவ" என்றவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

கூடத்தில் கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. கண்ணாடிக்கு அப்பால் மனைவி படித்தாள், மீண்டும் படித்தாள், பின்பு சன்னலை நோக்கி ஓடிவந்தாள்.

"என்னங்க, சாதாரணக் கட்டிதானாம்! பயமே வேண்டாமாம்! பொண்ணு வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்." கண்ணீரைத் துடைக்கவும் மறந்து தெருவில் இறங்கிவிட்டாள்.

எழுத்தருக்குப் போன உயிர் திரும்பியது. நாற்காலியில் சாய்ந்து, பல நாள்களுக்குப் பின் முழு மூச்சு விட்டார்.

"உங்க கைராசியே ராசி சார்!" என்று வரவேற்பாளர் வியந்தாள். "நாப்பது பேரும் சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. ஒரு மூஞ்சிகூட வாடலை."

"நாப்பது பேருமா?"

அவர் பார்வை திரைக்குத் தாவியது. 'சாதாரணக் கட்டியே, அச்சம் வேண்டாம்' என்னும் அந்த மாதிரிச் செய்தியின் பழைய சொற்கள், அடைப்புக்குள் அகப்படாமல், வரியின் நடுவே அப்படியே நின்றன.

அப்போது கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வந்தார்.

"ஏழு பேரை உடனே என்னை வந்து பாக்கச் சொல்லி எழுதியிருந்தேனே, ஒருத்தரையும் காணோம்?" என்றவர், வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு எழுத்தரின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டம்மா எங்க சார்?"