வற்றாத ஓடை

"ஏனுங்க பாய், உங்க கேரட்டுச் சேறெல்லாம் எங்க ஓடையிலதான் ஓடோணுமா?"

வந்த வேகத்தில் வெற்றிச்செல்வன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கேரட் வியாபாரி நூர் அகமது ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தொட்டியில் நாலைந்து பேர் கேரட் கழுவ, செம்மண் கரைந்த தண்ணீர் சரிவில் இறங்கி ஓடையில் சேர்ந்தது.

"உட்காருங்க தம்பி. டீ சொல்லட்டுங்களா?"

"டீ கெடக்கட்டும். காலைல எந்திரிச்சுப் பார்த்தா ஓடையே டீ கலர்லதான் ஓடுது."

"வெடிகாலைல கொஞ்சம் கலங்குமுங்க. உங்க விருந்தாளிங்க எந்திரிக்கறதுக்குள்ள தெளிஞ்சுருது."

"சனிக்கிழமை சென்னையிலருந்து ஒருத்தர் குடும்பத்தோட வர்றாரு. அவருக்குப் பிடிச்சுப் போச்சுன்னா சீசன் முழுக்க அவர் கம்பெனி ஆளுங்கதான் எங்க ஊட்டுல தங்குவாங்க. இல்லைன்னா நான் மறுபடி செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போகோணும். இந்தக் கோடையிலயும் வத்தாம ஓடற ஓடைங்க இது. அதுல போயி சேத்தை விடறீங்களே."

நூர் அகமது கிளாஸைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லட்டுங்களா தம்பி?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நிறுத்தலைன்னா மேல எழுதிப் போடுவேன்."

அவர் ஓடையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "சரிங்க. நாளைலருந்து இங்க கழுவலை."

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் வெற்றிச்செல்வனுக்குச் சின்ன ஏமாற்றம். அங்கே பேசாமல் விட்ட வசனங்களை வீட்டுக்கு வந்து மனைவி சுகந்தியிடம் பேசித் தீர்த்தான்.

ஊட்டி பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தவன் அவன். எங்கோ ஒரு கடலோர ஊரில் கால்வாய் வெட்டி, இரண்டு கரையிலும் வீடு கட்டி விற்பதை ஒரு வீடியோவில் பார்த்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், இனி உலகம் தண்ணீர் ஓரத்தில்தான் வாழப்போகிறது என்று. போன ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் இந்த இடத்தைப் பார்த்தபோது, ஓடை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடையைக் கொடுத்துவிட்டு இடத்தை வாங்கினான். இரண்டு அறை கட்டினான். 'தண்ணீரோரம்' என்று பெயர் வைத்து, 'மலைச்சுனையின் தூய நீர்' என்று விளம்பரமும் போட்டான்.

மறுநாள் ஓடை கண்ணாடி மாதிரி இருந்தது. கொஞ்சம் மெலிந்த கண்ணாடி. வெள்ளிக்கிழமை குட்டை குட்டையாக நின்றது. சனிக்கிழமை கூழாங்கல் மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்குப் பார்த்துச் சென்னைக்காரர் கமலேஷ், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கினார். நேராக ஓடைக்கரைக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"தண்ணீரோரம்னு போட்டிருந்தீங்க. ஓரம் இருக்கு. தண்ணி எங்க சார்?"

"மேல பராமரிப்பு வேலை நடக்குதுங்க."

"ஓடைக்கா?"

"ஆமாங்க. வருஷா வருஷம் நடக்கும்."

கமலேஷ், பெட்டியை வண்டியிலிருந்து இறக்கலாமா வேண்டாமா என்று மனைவியைப் பார்த்தார். அந்த நேரம் தேயிலைச் சரிவிலிருந்து ஒரு காட்டெருமை இறங்கி வந்து, ஓடையை மோந்து பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி வெற்றிச்செல்வனை முறைத்தது. அதற்கும் புக்கிங் இருந்திருக்கும் போல.

"இதுக்கும் பராமரிப்புன்னே சொல்லுங்க," என்றாள் சுகந்தி மெதுவாக. "போங்க. போயி அந்தப் பாயைப் பாருங்க. நான் இவங்களுக்குக் காபி குடுத்து உட்கார வெக்கறேன்."

ஏற்றத்தில் போகும்போது அவனிடம் வசனம் எதுவும் இல்லை. வெறும் மூச்சுதான் இருந்தது.

"பாய், ஓடை வத்திப் போச்சுங்க."

"அது மாசியிலயே வத்திருச்சுங்களே தம்பி. மேல எத்தனை ஊடு கட்டிட்டாங்க, எங்கிருந்து தண்ணி வரும்? கோடையில எப்பவும் காஞ்சுதான் கெடக்கும்."

"அப்ப ரெண்டு மாசமா ஓடினது?"

"எங்க கேணித் தண்ணிங்க. கேரட் கழுவினது."

வெற்றிச்செல்வன் பக்கத்திலிருந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். போன வாரம் ஒரு தம்பதி அந்த மலைச்சுனையை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. ஏதோ மூலிகை வாசனை வருகிறது என்றார்கள். ஆமாம், இந்த மலையின் மூலிகைதான் என்று தானும் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

"இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தீங்களா பாய்?"

"நீங்க அவசரத்துல இருந்தீங்க," என்று எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார் நூர் அகமது. "அவங்க இருக்கற வரைக்கும் ஓடட்டும். கேணில தண்ணி கம்மிதான். பார்த்துக்கலாம்."

தொட்டி நிறைந்து, தண்ணீர் வழிந்து, சரிவில் சலசலவென்று இறங்கியது. நூர் அகமது தொழுகைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

வாசலில் அவருடைய லாரி டிரைவர் ஆறுக்குட்டி, மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கழுவுவதற்குக் கேத்திக்குப் போகிற லோடு.

"என்னாலதானே இத்தனையும் கேத்தி வரைக்கும் தூக்கிட்டுப் போறீங்க," என்றான் வெற்றிச்செல்வன் தலை குனிந்தபடி. "பாய்க்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்."

"இதுல என்னங்க சிரமம்? கோடையானா எப்பவும் கேத்தி மெஷின்லதான் கழுவுவோம். இந்த வருஷந்தான், புதுசா வந்தவரு மொத சீசன்லயே மொகம் வாடிரக்கூடாதுன்னு, பாய் எல்லாத்தையும் இங்க எறக்கிக் கையால கழுவச் சொன்னாருங்க."