சாப்பாட்டு விசில்

“போன உயிர் திரும்பி வந்துச்சும்மா! நீ மட்டும் விசில் ஊதலைன்னா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்!”

மரக்குடிலின் வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார் ஓவியர். சட்டையெல்லாம் சேறு, முழங்காலில் சிராய்ப்பு. மனைவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவள் செருப்பிலும் சேறு அப்பியிருந்தது.

காட்டுப் பறவைகள் புத்தகத்துக்குப் படம் வரைய இருவரும் இந்தக் காட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பாக்கி ஒரே ஒரு பறவைதான்: துடுப்பு வால் கரிச்சான். அதைத் தேடித்தான் காலையில் போனார்.

“திடீர்னு மூடுபனி. நீட்டின கை தெரியல. சுத்திச் சுத்தி அதே இடத்துக்கே வந்தேன். அப்பதான் மூணு விசில் கேட்டுச்சு. நீ சாப்பிடக் கூப்பிடுவியே, அதே விசில்! அதைப் புடிச்சுக்கிட்டே வந்துட்டேன். ‘நான் என்ன ஸ்கூல் பையனா’ன்னு தினமும் எரிஞ்சு விழுவேனே, இனிமே அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிப் போகட்டும்!”

அவளுக்குக் கண் கலங்கியது. “பறவை கிடைச்சுதா?”

“எங்க? அடையாளம் மட்டும் மனப்பாடம். பளபளன்னு கறுப்பு உடம்பு, நெத்தியில கொண்டை, வால்ல கம்பி மாதிரி ரெண்டு இறகு, நுனியில குட்டித் துடுப்பு. குரலை மட்டும் நம்பக் கூடாது, பருந்து மாதிரி கத்தி மத்த பறவைங்களை ஏமாத்திடும். அது கிடக்கட்டும் விடு. பொண்டாட்டி முகத்தைப் பார்த்தேனே, அது போதும். உனக்குக் கோடி புண்ணியம்!”

அவள் விழித்தாள். “என்னங்க இது? நான்ல உங்களுக்கு நன்றி சொல்லணும்!”

“எனக்கா? எதுக்கு?”

“மணி மூணாகியும் உங்களைக் காணோமேன்னு தேடிக் கிளம்பினேன். ஓடையைத் தாண்டினதும் எனக்கும் வழி தெரியல. அழுதுக்கிட்டு நின்னேன். அப்ப விசில் கேட்டுச்சு. நீங்க திரும்பி வந்து ஊதறீங்கன்னு ஓடி வந்தேன். இங்க பார்த்தா ஆளைக் காணோம், மறுபடி என்னைத் தேடிப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். நான் வந்தே அஞ்சு நிமிஷம் ஆகலைங்க!”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். விசில் கதவோரத்து ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தலைக்கு மேலே, மரக்கிளையில் மறுபடியும் மூன்று விசில் கேட்டது. அண்ணாந்தார்கள், இலைகளுக்கு நடுவே குட்டியாய் இரண்டு துடுப்புகள் ஆடிக்கொண்டிருந்தன.