ஐந்து நாள் கூடுதல்

பெரிய ஏரியில் பிறந்த நீர்க்காகம் ஒன்று, பல வருஷமாகத் தூரத்து உப்பங்கழியில் குடியிருந்து மீன் பிடித்து வந்தது. ஏரியில் பிறந்த பறவை எங்கே மீன் பிடித்தாலும் ஏரிக்கு ஒரு பங்கு தரவேண்டும். வருஷத்தில் முந்நூற்று முப்பது நாள் வெளியே இருந்ததாக எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. நீர்க்காகம் அதைத் தவறாமல் எழுதிக் கொடுத்து வந்தது.

இந்த வருஷமும் கணக்குப் பார்க்கும் ஆமையின் முன்னால் கவலையில்லாமல் போய் நின்றது.

“இந்தத் தடவை விலக்கு கிடையாதும்மா,” என்றது ஆமை. “நீ இங்கே நாற்பது நாள் தங்கியிருக்கே. முப்பத்தஞ்சுக்கு மேல கூடாது.”

நீர்க்காகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அஞ்சு நாளுக்காக வருஷம் பூரா பிடிச்ச மீனுக்குமா பங்கு?”

“பூராவுக்கும்தான். கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே?”

“அப்பா சிறகு ஒடிஞ்சு கிடந்தார், ஐயா. அவர் கண்ணை மூடினதே முப்பத்தொன்பதாம் நாள்தான்.”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெகுநேரம் கழித்து வெளியே நீட்டி, “விதியில அதுக்கு இடமில்லையே,” என்று மெல்லச் சொன்னது.

நீர்க்காகம் பங்குக்கான மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது.

“அம்மாவுக்கும் வயசாயிடுச்சு,” என்றது. “முப்பத்தஞ்சு நாள்தான்னு அவகிட்ட யார் போய்ச் சொல்றது?”