மெஹ்ரினின் துஆவும் கிறிஸ்டினின் செருப்பும்

மெஹ்ரின் துஆவுக்குக் கை ஏந்தினால் போதும், கிறிஸ்டின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

ஆறு வாரமாக இப்படித்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடி அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை. மெஹ்ரின் நர்சிங் படிக்கிறாள். கிறிஸ்டினுக்குப் பல் கிளினிக்கில் வேலை. முன்பெல்லாம் ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். மெஹ்ரினுக்கு அந்த ஊரில் பேச வேறு ஆள் கிடையாது.

அந்திநேர மஃரிப் தொழுதுவிட்டு, புத்தகத்தைத் திறக்குமுன் அவள் கேட்பது சின்ன துஆதான்.

"ரப்பி ஸித்னீ இல்மா." பிறகு தமிழில், "பயனுள்ள கல்வியைக் கொடு, யா அல்லாஹ். மனசு அலையாம படிக்க வை."

ஆமீன் சொல்லித் திரும்பினால் எதிர்க்கட்டில் காலி.

குரலைத் தாழ்த்திப் பார்த்தாள். உதடு மட்டும் அசையக் கேட்டுப் பார்த்தாள். அப்போதும் கிறிஸ்டின் போனாள். பத்து மணிக்குத்தான் வருவாள். வந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள்.

"சர்ச்சுக்குப் போற பிள்ளை. நீ அரபில ஓதறது பிடிக்கலையோ என்னமோ," என்றாள் உம்மா போனில். "அதை விடு. மருந்தியல்ல இந்தத் தடவையும் ஃபெயிலானா கிள்ளானுக்கு, வீட்டுக்கே வந்துடச் சொல்லிட்டாங்க உங்க வாப்பா. கடையில துணி மடிக்க ஆள் இல்லையாம்."

பரீட்சைக்கு முந்தின நாள். அன்று தொழுது முடித்த மெஹ்ரின், கை ஏந்தாமலே புத்தகத்தைத் திறந்தாள்.

கதவருகே ஒற்றைச் செருப்போடு நின்றாள் கிறிஸ்டின்.

"என்ன, இன்னிக்கு துஆ இல்லையா?"

"இல்ல."

"நாளைக்குப் பேப்பர வச்சுக்கிட்டா? பைத்தியமா நீ?"

"கேட்டா நீ போயிடுவியே." மெஹ்ரின் நிமிர்ந்தாள். "பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல. நான் வெளிய நின்னு கேட்டிருப்பேன்."

"யாருக்குப் பிடிக்கல?"

"அப்ப தினமும் எங்க போற?"

"கீழ டோபிக் கடைக்கு. மெஷினுக்குள்ள யாரோட கைலியோ சுத்தறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு மணி நேரம் லா!"

"எதுக்கு?"

"போன தடவை எப்படிப் படிச்ச, ஞாபகம் இருக்கா? ஆமீன் சொன்ன கையோட என் கட்டிலுக்கு வந்துடுவ. 'இன்னிக்குக் கிளினிக்ல என்ன ஆச்சு'ம்ப. நானும் வாய் ஓயாம அளப்பேன். புக்கு அங்கேயே கிடக்கும். ரிசல்ட்ட பாத்துட்டு நீ அழுத பாரு... எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

மெஹ்ரின் புத்தகத்தை மூடினாள்.

"கையைத் தூக்கு," என்றாள் கிறிஸ்டின், இன்னொரு செருப்பைக் காலால் துழாவியபடி. "நீ கேக்கறத கடவுள் குடுப்பாரு லா. நான் இங்க உக்காந்திருந்தா, நீ எங்க வாங்கிக்கப் போற?"